நரசிம்மலு நாயுடு பார்த்து வைத்த தண்ணீர்

சேலம் முதல் ஈரோடு வரை

கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைத் தேடிப் போகும் பயணத்தைச் சேலத்தில் தொடங்கினேன். அவர் பெயரிலேயே சேலம் இருக்கிறது. சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு. 1854ல் பிறந்தவர், 1922ல் மறைந்தவர். வீட்டில் தெலுங்கு பேசி, தமிழில் எழுதி, ஏறத்தாழ நூறு நூல்கள் தந்துவிட்டுப் போனவர். பத்திரிகை நடத்தினார், அச்சகம் வைத்தார், பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டார். ஊருக்குப் பொதுவான காரியம் எதுவானாலும் முன்னால் நின்றார். இவ்வளவு செய்தவரை எங்கள் தஞ்சைப் பக்கத்தில் விசாரித்தால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. கோவையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்க்க வேண்டும் என்பதும் என் மனதில் இருந்தது.

இந்தத் தடத்தில் பகலில்தான் போக வேண்டும். சேலம் தாண்டிச் சிறிது நேரத்தில் சங்ககிரிக் கோட்டை மலை வலப்புறமும் இடப்புறமுமாக மாறி மாறித் தெரியும். பிறகு காவிரிப் பாலம், அதைத் தாண்டினால் ஈரோடு. ஆடி மாதம். பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியிலிருந்த பெண்கள் சிலர் காசை ஆற்றில் வீசிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த எனக்குக் காவிரியைக் கண்டால் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருக்கும். ஈரோட்டுக்கு மேற்கே போகப் போக அந்த உணர்வு போய்விடுகிறது. வயலுக்கு வயல் வாய்க்கால் இல்லை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, நடுவே வெள்வேல மரம், தூரத்தில் பனை, காட்டுக்கு ஒன்றாகப் பாறையைக் குடைந்த கிணறு. சில கிணறுகள் ரயிலிலிருந்து பார்க்கும்போது வாயை மட்டும் காட்டும், தண்ணீரைக் காட்டாது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஊத்துக்குளிக்காரர். நான் வெளியே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"எந்தூருங்க?"

சொன்னேன்.

"ஆத்துப் பாசனக்காரங்க. உங்களுக்குத் தண்ணி தானா வரும். எங்கப்பாரு காலத்துல கோழி கூப்புடறதுக்கு முன்னால கவலை பூட்டோணுங்க. மாடு முன்னும் பின்னும் நடந்து நடந்து, அந்தத் தடத்துல புல்லே மொளைக்காது."

கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் முறை. ஆற்றங்கரைக்காரனின் அமைதியும் கிணற்றுக்காரனின் உழைப்பும் வேறு வேறு குணங்களை வளர்த்திருக்கின்றன என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது திறந்துவிடுவார்கள் என்று கேட்போம். இங்கே தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். நரசிம்மலு நாயுடுவை அறிந்துகொள்ள இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அவர் இளைஞராக இருந்தபோதுதான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் சேலமும் கோவையும் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் அதைக் கண்ணால் பார்த்த மனிதர் பின்னாளில் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

டவுன்ஹால்

கோவையில் டவுன்ஹால் என்பது முதலில் ஒரு பேருந்து நிறுத்தம். அப்புறம் ஒரு கடைவீதி. கட்டடம் அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. பெரிய கடை வீதியும் ஒப்பணக்கார வீதியும் கூடும் பகுதியில், ஜவுளிப் பைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடப்பவர்களுக்கு நடுவே மணிக்கூண்டு நிற்கிறது. பக்கத்தில் கோனியம்மன் கோயில், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல், இன்னும் சற்றுத் தள்ளி மாதா கோயில். மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

மாநகராட்சி வளாகத்துக்குள் இருக்கிறது விக்டோரியா ஹால். 1892ல் எழுந்தது. மாமன்றக் கூட்டம் இன்றும் அங்கேதான் நடக்கிறது. அதைக் கட்ட முன்னின்றவர்களில் ஒருவர் நரசிம்மலு நாயுடு. ராணியின் பெயரைச் சூட்டியிருந்தாலும், ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து பேச ஒரு கூரை வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த நோக்கம். பெயரை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டு இடத்தை ஊருக்கு வாங்கிக்கொண்டார்கள்.

நகராட்சி என்ற ஏற்பாடே அப்போது புதிது. 1865ல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1866ல், கோவை நகராட்சி அமைந்தது. முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ், காப்பித் தொழிலில் காலூன்றியவர். ரிப்பன் பிரபு 1882ல் தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ஊர்க்காரர்கள் தேர்தல் மூலம் நகரசபைகளுக்குள் பெருமளவில் நுழைய வழி பிறந்தது. கோவைக்கு ரயில் வந்ததும் தாமதமாகத்தான். முக்கியத் தடம் 1862ல் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்ட 1873ல்தான் ஊருக்குள் ரயில் வந்தது. அந்த ரயில் வந்து சில ஆண்டுகளில் நரசிம்மலு நாயுடுவும் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. தமிழில் 'கோயமுத்தூர் அபிமானி', 'கோயமுத்தூர் கலாநிதி' என்று பத்திரிகைகள், ஆங்கிலத்தில் 'கிரசென்ட்', கூடவே கலாநிதி அச்சகம். அந்தக் காலத்தில் ஜில்லாத் தலைநகரில் அச்சகம் வைத்திருப்பவர் கையில் ஊரின் வாய் இருந்தது. கலெக்டர் காதில் விழ வேண்டிய குறையும், ஊர்க்காரர் காதில் விழ வேண்டிய புத்திமதியும் அங்கே எழுத்துக் கோத்துத்தான் வெளியே வர வேண்டும். 1888ல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் தொடங்கியது. ஊரின் முதல் பஞ்சாலை அது. ஸ்டேன்ஸ் குடும்பத்தின் முயற்சியாகவே அதை எல்லோரும் சொல்வார்கள். அதற்காகப் பாடுபட்ட உள்ளூர்க்காரர்களின் வரிசையில் நாயுடுவும் உண்டு. கரிசலில் விளைந்த பருத்தி மூட்டை மூட்டையாக வெளியூர் போவதைப் பார்த்த பத்திரிகைக்காரர், அது இங்கேயே நூலாகட்டும் என்று எழுதியதோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கினார். பின்னாளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் வந்த ஊருக்கு அதுதான் முதல் சங்கொலி.

வளாகத்து வேப்பமர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்ற பெண்மணிக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பில் ஏதோ பிரச்சினை. அவர் எழுதும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அந்தம்மா சொல்வதை முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, 'பெறுநர்' என்று தொடங்கி, நிறுத்தாமல் ஒரு பக்கம் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டினார். "இதுல என்ர பேரு பெருசா இருக்கோணுங்க" என்றார் அந்தம்மா. அவர் பெயருக்கு அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். நரசிம்மலு நாயுடு ஊருக்கே செய்த வேலை இதுதான் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

வைசியாள் வீதிப் பக்கம்

ராஜ வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி என்று பழைய கோவை நடப்பவர்களுக்காக உண்டான ஊர். நகைப்பட்டறைகளின் தட்டும் ஒலி மாடிகளிலிருந்து இறங்கி வருகிறது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோவை நகரத்தின் மக்கள் 53 ஆயிரம் பேர்தான். கிட்டத்தட்ட முழு ஊரும் இந்த வீதிகளுக்குள்ளும் அவற்றைச் சுற்றியும் அடங்கியிருந்திருக்கும். அத்தனை பேரும் குடித்தது கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர். கோடையில் அது வற்றும், உப்பேறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த வீதிகளை வீடு வீடாகக் காலி செய்தது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்களே இந்த ஊரில் உண்டு.

கோவை நண்பர் ஒருவரின் அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, எண்பது தாண்டிவிட்டது. அவர் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. காலையிலேயே சந்தகை பிழிந்து வைத்திருந்தார்கள். முக்காலி போல நிற்கும் இரும்புச் சந்தகைக் கட்டையில், வெந்த புழுங்கலரிசி மாவுருண்டையை ஆவி பறக்கப் போட்டு, மேலிருந்து திருகியதும் கீழே நூல் நூலாக விழுகிறது. தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலமும் கலந்து ஊற்றி ஒன்று, எலுமிச்சை பிழிந்து தாளித்து ஒன்று. அதற்குப் பின் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய் ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்ப் பொரியல். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் குழம்பு, ரசம், மோர் என்று வரிசை உண்டு, இலையில் பகட்டும் உண்டு. கொங்குச் சமையலில் ஒரே பாத்திரத்தில் அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் சேர்ந்து கொதித்து இறங்கிவிடுகிறது. காட்டு வேலைக்குப் போகிற வீட்டின் சாப்பாடு. அந்த ருசிக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

குடிக்கச் சொம்பில் தண்ணீர் வைத்தார் அமுச்சி. "இது நல்ல தண்ணி, சிறுவாணி. அந்தக் கொழாயில வாரது உப்புத் தண்ணி, பாத்தரம் கழுவறதுக்கு" என்று இரண்டையும் காட்டினார். பழைய கோவை வீடுகள் பலவற்றில் இந்த இரண்டு கணக்கு உண்டு. நல்ல தண்ணி வரும் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். அது வரும் நாளில் வெளியூர்ப் பயணம்கூடத் தள்ளிப்போகும். உலகத்திலேயே சுவையில் இரண்டாவது தண்ணீர் என்று கோவைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அமுச்சி அப்படிப் பெரிய வார்த்தையெல்லாம் சொல்லவில்லை. "மெட்ராசுல மவ வூட்டுக்குப் போனா ரெண்டே நாளுதான், நாக்கு செத்துப்போகும்" என்றார். குடித்தேன். மண் வாடை, உப்புக் கரிப்பு, மருந்து நெடி எதுவும் நாக்கில் நிற்கவில்லை. தாகம் இல்லாமலே இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்தேன்.

"இந்தத் தண்ணிய மொதல்ல யாரு பாத்தாங்கன்னு தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"வெள்ளக்காரன் கொண்டாந்தான்னு எங்கப்புச்சி சொல்லுவாரு."

பாதி உண்மை. குழாய் பதித்தது வெள்ளைக்கார அரசாங்கத்தின் காலம். ஆனால் அந்த மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனையை 1889லேயே சொன்னவர் நரசிம்மலு நாயுடு.

அந்த 1889 எனக்கு முக்கியமான ஆண்டாகத் தோன்றுகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1885 டிசம்பர் கடைசியில், பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் 72 பேர் கூடிக் காங்கிரஸைத் தொடங்கினார்கள். அந்த 72 பேரில் கோவையிலிருந்து போன ஒருவர் நாயுடு. வடநாட்டை அவர் சுற்றிப் பார்த்த அனுபவம் 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' என்ற பெரிய நூலாக 1889ல் வெளிவந்தது. தமிழில் பயண நூல் எழுதியவர்களில் அவர் முன்னோடி. அவர் பார்த்த பம்பாய்க்கு 1860 முதலே விகார் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சென்னைக்குக்கூட 1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய ஊர்களில் தண்ணீர் தெருமுனைக்கு வருவதைக் கண்டவர், ஊர் திரும்பி, மேற்கே தெரியும் மலையை வேறு கண்ணோடு பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகப் போகிறவன் திரும்பி வந்து தன் ஊருக்கு என்ன இல்லை என்று பார்க்கவில்லை என்றால் அந்தப் பயணத்தில் பாதிதான் பயன். நாயுடு முழுப் பயனையும் எடுத்தவர். பயண நூலும் சிறுவாணி யோசனையும் ஒரே ஆண்டில் வந்திருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேரூர்

மறுநாள் காலையில் மேற்கே. செல்வபுரம் தாண்டினால் குளங்கள் தொடங்கிவிடுகின்றன. நொய்யலில் சித்திரைச் சாவடி அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வரும். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று பெயர்கள். ஒன்று நிறைந்தால் மிச்சம் அடுத்ததற்கு. சிறுவாணி வருவதற்கு முன் இந்த ஊர் பிழைத்தது இந்தக் குளங்களால்தான். இன்று சிலவற்றில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, சாக்கடை கலக்கிறது. இளைஞர்கள் கூடிச் சில குளங்களைத் தூர்வாரி மீட்டிருக்கிறார்கள். அந்த வேலை இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண்களை நின்று பார்க்க ஒரு நாள் வேண்டும். நான் போனது ஆற்றுக்காக. ஆடி என்பதால் நொய்யலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களின் கூட்டம். பிண்டத்துக்கு வைத்த எள்ளும் வாழை இலையும் ஓட்டத்தில் கிழக்கே போயின. நொய்யல் கிழக்கே ஓடிக் கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் எங்கள் ஊர் மகாமகக் குளத்துக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. பேரூரில் விட்ட எள் கும்பகோணத்துக்கு வந்து சேருமோ இல்லையோ, தண்ணீர் வந்து சேரும்.

படித்துறையில் பூ விற்ற பெண்மணி, "இந்த வருசம் ஆத்துல தண்ணி இருக்குதுங்க, அதனால கூட்டம் சாஸ்தி. தண்ணியில்லாத வருசம் பைப்புல புடிச்சு ஊத்திக்குவாங்க" என்றார். அந்தப் பைப்பில் வருவதும் மலைத் தண்ணீர்தான்.

இருட்டுப்பள்ளம் தாண்டி

மாதம்பட்டி, ஆலாந்துறை என்று போகப் போகக் காற்றின் வாசனை மாறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கிறது. நகரத்தில் வெயில் இருந்தது, இங்கே சாரல். பாக்குத் தோப்பு, தென்னை, வாழை, மஞ்சள். ரயிலில் பார்த்த மேய்ச்சல் காடும் பாறைக் கிணறும் இதே கொங்கு நாடுதானா என்று கேட்கத் தோன்றும். இருட்டுப்பள்ளத்தில் சாலை பிரிகிறது. ஒன்று பூண்டிக்கு, வெள்ளியங்கிரி மலையேறுபவர்கள் போவது. இன்னொன்று சாடிவயல் வழியாகச் சிறுவாணி அடிவாரத்துக்கு.

சாடிவயல் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் வண்டியை நிறுத்தினார்கள். வெள்ளம் அதிகம் என்பதால் கோவைக் குற்றாலத்துக்கு யாரையும் விடவில்லை. அணைப் பக்கமும் போக முடியவில்லை, அது கேரள வனம். சாலையோரம் டீக்கடையில் நின்றேன். எதிரே மலை. மேகம் பாதி வரை இறங்கியிருந்தது. மேகம் சற்று விலகும்போது வெள்ளைக் கோடுகளாக அருவிகள் தெரிந்து மறையும். அந்த மலைக்குப் பின்னால்தான் முத்திக்குளம் அருவி, சிறுவாணி ஆறு.

இயற்கை வகுத்த கணக்குப்படி அந்தத் தண்ணீர் கோவைக்குச் சொந்தமில்லை. மலையின் மறுபக்கச் சரிவில் விழும் மழை அட்டப்பாடிக்குள் ஓடிப் பவானியில் சேர வேண்டும். பவானி கிழக்கே திரும்பி, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் என்று சுற்றிக் காவிரிக்கு வரும். கோவை நகரம் இந்தச் சுற்றுவழிக்கு வெளியே இருக்கிறது. மலையைக் குடைந்து ஒரு சுரங்கவழி போட்டால்தான் தண்ணீர் இந்தப் பக்கம் வரும். நீர்த்தேக்கம் கடல்மட்டத்துக்கு மேல் 878 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நகரம் 411 மீட்டரில். குடைந்துவிட்டால் பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வரும். இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. 1889ல் ஒரு பத்திரிகை ஆசிரியர் இதைச் சொன்னபோது எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்காக மலையைக் குடைவது என்பது அன்றைக்குச் செலவுக் கணக்குக்குள் அடங்காத பேச்சு.

டீக்கடையில் இருளர் பெரியவர் ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த அடிவாரத்தில் பதிகள் எனப்படும் அவர்கள் குடியிருப்புகள் பல உண்டு. அவருடைய மாமா பழைய குழாய்ப் பாதையில் வேலை செய்தவராம். "மேல தண்ணி எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு நாங்க காத்து வாசத்துலயே சொல்லிருவோம். நம்ம பதியில ரொம்ப வருசத்துக்கு ஓடைத் தண்ணிதான். இந்தா பைப்பு இப்படிப் போவுது, டவுனுக்குப் போவுது" என்று சாலையோரம் கை காட்டினார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுதாமல் விட்டால் நியாயமில்லை. மலையில் பிறக்கும் தண்ணீருக்கு முதல் உரிமை மலையில் இருப்பவர்களுடையது. நகரத்துக்குக் குழாய் போட்டவர்கள் வழியில் இருந்த வீடுகளையும் நினைத்திருக்க வேண்டும்.

அடிவாரத்தில் இருக்கும் சிறுவாணிக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மதில் சுவரோரம் சிறிது தூரம் நடந்தேன். உள்ளே தண்ணீர் விழும் இரைச்சல் கேட்டது. இந்தத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் 1973ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு. அதன்படி கேரளம் கட்டிய அணைதான் இப்போது இருப்பது. கோடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டால் கோவைப் பத்திரிகைகளில் தினமும் சிறுவாணிச் செய்திதான். இன்று நகரத்தின் பெரும்பகுதிக்குப் பில்லூர்த் தண்ணீர் வருகிறது, சிறுவாணி மட்டும் போதாது. ஆனாலும் அணை நிரம்பியது என்ற செய்தி வந்தால் ஊர் மகிழ்கிற மகிழ்ச்சியே தனி.

ஆர்.எஸ்.புரம்

அடிவாரத்திலிருந்து குழாய் வந்த வழியே நகரத்துக்குத் திரும்பினேன். ஆர்.எஸ்.புரத்தின் நேர் நேரான அகலத் தெருக்களில் மாலை நேரக் கூட்டம். இந்தப் பகுதிக்குப் பெயர் தந்தவர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார். நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் திட்டத்தைச் சாதித்துக் காட்டியவர். 1929ல் நகரத்துக்குச் சிறுவாணி வந்தது. முதலியாரின் பெயரை ஊர் மறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் முறையாவது பேருந்து நடத்துனர்கள் அவர் பெயரின் சுருக்கத்தைக் கூவுகிறார்கள். அவருக்கு அது தகும். திட்டத்துக்குப் பணமும் அனுமதியும் வாங்கி, வேலையை முடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுவது சாமானியமான காரியம் இல்லை.

ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் முதலில் சொன்னவரும் இருக்கிறார். தெருவோரம் காளான் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்களிடம் நரசிம்மலு நாயுடு என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவனுக்கு அந்தப் பெயரில் பள்ளிக்கூடம் இருப்பது தெரிந்திருந்தது. "ஸ்கூல் கட்டுனவருங்களா?" என்று கேட்டான். சிறுவாணியை முதலில் சொன்னவர் என்றேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியா?" என்றான். அதற்கு மேல் அவனே கேட்கத் தொடங்கினான். எப்போது, ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று, அவர் எங்கே இருந்தார், வேறு என்ன எழுதினார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கூட நின்ற பெண் அலைபேசியில் அவருடைய யாத்திரை நூலின் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

பதவியால் பெரியவர்களானவர்களின் பெயர்கள் தெருக்களில் நிற்கின்றன. எழுதியும் பேசியும் நச்சரித்தும் ஊரை நகர்த்தியவர்களின் பெயர்கள் அச்சுத் தாளோடு மங்கிவிடுகின்றன. இது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். நரசிம்மலு நாயுடுவின் நூல்கள் நல்ல பதிப்பில் மறுபடியும் வர வேண்டும். அவருடைய யாத்திரை நூலைப் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமாவது சேர்க்க வேண்டும். சாடிவயல் சாலையில், குழாய் மலையிலிருந்து வெளியே வரும் இடத்துக்கு அருகில், அவர் பெயரில் ஒரு கல் நட வேண்டும். கோவை மாநகராட்சி நினைத்தால் ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இது.

அவர் சிறுவாணித் தண்ணீரைக் கோவையில் குடிக்கவில்லை. 1922ல் போய்விட்டார், தண்ணீர் வந்தது ஏழு ஆண்டுகள் கழித்து. கோவையில் இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை நல்ல தண்ணி வரும் நாளில் குடம் பிடிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தத் தண்ணீரை முதலில் பார்த்து வைத்தவர் யார் என்று ஒரு தடவை சொல்லுங்கள்.